மனுக் கொடுக்க வரும் அப்பாக்கள்

விழுப்புரம் மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்களுக்கு,

திண்டிவனம் பக்கத்தில் ஒரு தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில், நகைக்கடன் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் எழுதுகிறேன். இதை மனுவாகக் கொடுத்திருந்தால் ஒரு எண் போட்டு, சம்பந்தப்பட்ட துறைக்கு அனுப்பியிருப்பார்கள். எந்தத் துறைக்கு அனுப்புவது என்பதே தெரியாத சங்கதி இது. அதனால்தான் பத்திரிகை வழியாக வருகிறேன்.

திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் பெருந்திட்ட வளாகத்து வாசலில் நடக்கும் சோதனை உங்களுக்குத் தெரிந்ததுதான். காவலர் மஞ்சள் பையை வாங்குகிறார். பட்டா நகல், குடும்ப அட்டை ஜெராக்ஸ், நான்காக மடித்த மனு எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு அடியில் கிடக்கும் தண்ணீர் பாட்டிலை எடுக்கிறார். மூடியைத் திறந்து முகர்ந்து பார்க்கிறார். தண்ணீர்தான் என்று தெரிந்ததும் பையைத் திருப்பிக் கொடுத்து உள்ளே விடுகிறார். 2017 அக்டோபர் 23 அன்று நெல்லை ஆட்சியர் அலுவலகத்தில், கந்துவட்டிக்காரர்களிடம் சிக்கிய ஒரு கூலித் தொழிலாளியும் அவர் மனைவியும் இரண்டு பெண் குழந்தைகளும் உயிரை விட்ட பிறகு, மாவட்டத்துக்கு மாவட்டம் இந்தச் சோதனை இறுகியது. அதைக் குறை சொல்ல மாட்டேன். நடக்கத்தான் வேண்டும்.

ஆனால் ஒன்று பாருங்கள். வாழ்க்கை வெறுத்துப்போன ஆள் எந்தக் கிழமையில், எத்தனை மணிக்கு, எந்த வாசலுக்கு வருவார் என்பது அரசுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. அவருக்காகவே இரும்புத் தடுப்பும், காவலரும், பக்கத்தில் தண்ணீரும் தயாராக இருக்கின்றன. பாட்டில் பிடிபட்டால்? தலையில் ஒரு குடம் தண்ணீர், பிறகு காவல் நிலையம், மறுநாள் நாளிதழில் ‘போலீஸார் எச்சரித்து அனுப்பினர்’ என்ற வரி. அந்த ஆளை எதைச் சொல்லி எச்சரிப்பார்கள் என்று எனக்கு இதுவரை விளங்கியதில்லை.

சட்டமும் இந்த வாசலில்தான் முட்டிக்கொண்டு நிற்கிறது. தற்கொலைக்கு முயன்றவரைத் தண்டித்த பழைய 309ஆவது பிரிவு, 2024 ஜூலை 1 அன்று இந்திய தண்டனைச் சட்டத்தோடு போய்விட்டது. புதிய பாரதிய நியாய சன்ஹிதாவில் அதன் ஒரு துண்டு மட்டும் 226ஆவது பிரிவாக மிஞ்சியிருக்கிறது. அரசு ஊழியரை அவர் கடமையைச் செய்ய வைக்கவோ, செய்யவிடாமல் தடுக்கவோ உயிரை விட முயன்றால் ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது சமூக சேவை. அதாவது, தன் வீட்டுக்குள் முயன்றவர் குற்றவாளி இல்லை. உங்கள் வாசலில் நியாயம் கேட்டு முயன்றவர் குற்றவாளி. இன்னொரு பக்கம், 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், 115ஆவது பிரிவில், உயிரை விட முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும் என்கிறது. அவர் மறுபடி முயலாமலிருக்கப் பராமரிப்பும் சிகிச்சையும் மறுவாழ்வும் அளிப்பது அரசின் கடமை என்றும் சொல்கிறது. முதல் சட்டத்தை நிறைவேற்ற உங்கள் வாசலில் ஆள் இருக்கிறார். இரண்டாவதற்கு ஒரு நாற்காலிகூட இல்லை. அந்த நாற்காலியைத்தான் கேட்க வந்திருக்கிறேன்.

அந்த வாசலில் பெண்களும் நிற்கிறார்கள். இருந்தாலும் நான் பேசப்போவது அப்பாக்களைப் பற்றி. தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022ஆம் ஆண்டுக் கணக்கில் நாடு முழுவதும் 1,70,924 தற்கொலைகள். தமிழ்நாட்டில் 19,834, மகாராஷ்டிரத்துக்கு அடுத்த இடம். நாட்டுக் கணக்கில் நூற்றுக்கு ஏறக்குறைய 72 பேர் ஆண்கள். தொழில்வாரியாகப் பார்த்தால் நான்கில் ஒருவருக்கும் மேல் தினக்கூலிகள். காரணங்களில் முதலிடம் ‘குடும்பப் பிரச்சினை’. இது எஃப்.ஐ.ஆர். எழுதுகிறவருக்கு வசதியான பெட்டி. கடன், குடி, மகள் கல்யாணம், விளையாத நிலம், வேலை போனது என்று எதை வேண்டுமானாலும் அதற்குள் போட்டு மூடிவிடலாம்.

நம் மாவட்டத்துக்கு இந்தப் பாடம் புதிதில்லை. 2019 டிசம்பரில் விழுப்புரம் நகரத்தில் நகைத் தொழிலாளி ஒருவர், மூன்று எண் லாட்டரியில் பணத்தை இழந்து கடனில் மூழ்கி, மனைவியோடும் மூன்று பெண் குழந்தைகளோடும் முடிந்துபோனார். கடைசியில் அவர் பேசி எடுத்த வீடியோவை ஊரே கைப்பேசியில் பார்த்தது. 2003இலேயே தடை செய்யப்பட்ட லாட்டரியை விற்றவர்களைப் பிடித்தார்கள், சரி. அந்த மூன்று குழந்தைகளும் சாக முடிவெடுக்கவில்லை, ஆட்சியர் அவர்களே. பல வீடுகளில் அப்பாவைக் காப்பாற்றினால்தான் பிள்ளைகளைக் காப்பாற்ற முடியும் என்பதற்கு இதற்கு மேல் எதைச் சொல்வது? ஊரே அந்த வீடியோவைப் பார்த்தது. அதை எடுப்பதற்கு முன்னால் அவர் யாரிடமாவது பேசியிருக்க வேண்டும். அந்த யாராவது ஒருவர் விழுப்புரத்தில் எங்கே உட்கார்ந்திருந்தார்?

2023 மே மாதம் மரக்காணம் எக்கியார்குப்பத்தில் விஷச் சாராயம். இறந்தவர்களின் குடும்பங்களுக்கு அரசு பத்து லட்சம் கொடுத்தது. கொடுத்ததில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் கடற்கரையிலும் உப்பளத்திலும் உழைத்து, உடம்பு வலிக்கும் மனசு வலிக்கும் ஒரே மருந்தாகக் குடித்துக்கொண்டிருந்த அந்த அப்பாக்கள் உயிரோடு இருந்த காலத்தில், குடியை விட வேண்டும் என்று ஒருவர் நினைத்திருந்தால் மரக்காணத்திலிருந்து எத்தனை பஸ் மாறி, எங்கே போயிருக்க வேண்டும் என்று யாராவது கணக்குப் போட்டோமா?

பிறகு ஃபெஞ்சல் புயல். 2024 நவம்பர் கடைசியில் மயிலத்தில் ஒரே நாளில் 51 செ.மீ. மழை கொட்டியது. நிவாரணப் பட்டியல் வந்தது. குடும்ப அட்டைக்கு 2,000 ரூபாய், நெல்லுக்கு ஹெக்டேருக்கு 17,000, மாடு இறந்தால் 37,500, ஆட்டுக்கு 4,000, கோழிக்கு 100. கோழி வரை கணக்கெடுத்த நிர்வாகத்தை நான் மதிக்கிறேன். அந்த மாட்டுக்கும் கோழிக்கும் சொந்தக்காரர் எப்படி இருக்கிறார் என்பதற்கு மட்டும் படிவத்தில் இடமில்லை.

எப்படி இருந்தார் என்று எங்கள் கவுன்ட்டருக்குத் தெரியும். நகைக்கடன் பிரிவில் உட்கார்ந்தவனுக்கு ஊரின் நாடி தெரியும். ஜூன் மாதம் பள்ளிக் கட்டணத்துக்குத் தோடு வரும். ஆடியில் விதை மல்லாட்டைக்குச் சங்கிலி வரும். மதிப்பீட்டாளர் உரைகல்லில் தேய்த்து, எடை போட்டு, கல்லின் எடையைக் கழித்துத் தொகை சொல்வார். ஆண்கள் பேரம் பேச மாட்டார்கள். பெண்கள் பேசுவார்கள், கடைசியில் ஒரு ஐந்நூறு ரூபாயாவது கூட வாங்காமல் நகர மாட்டார்கள். அந்த மழைக்குப் பிறகு, கெடு தாண்டிய நகைக்கு ஏல அறிவிப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஒருவர் வந்தார். வட்டி எவ்வளவு என்று கேட்டார். சொன்னோம். நகரவில்லை. பிறகு சம்பந்தமே இல்லாமல், “ராத்திரில தூக்கமே இல்ல சார். ரெண்டு மணிக்கு எழுந்து மாட்டுக் கொட்டாயில போயி குந்திக்கிறேன். வூட்ல தெரியாது” என்றார். அவருக்குப் பின்னால் ஏழெட்டுப் பேர் வரிசையில் நின்றார்கள். மதிப்பீட்டாளர் அவரை உள்ளே கூப்பிட்டு ஒரு டீ வாங்கிக் கொடுத்தார். அதற்கு மேல் என்ன செய்வது, யாரைக் கூப்பிடுவது என்று எங்கள் அலுவலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. தீயணைப்புக்கு எந்த எண் என்று சுவரில் எழுதியிருந்தது.

எங்கள் பக்கத்து ஆம்பிளைகள் மனசைப் பற்றி இப்படித்தான் பேசுகிறார்கள். மனச்சோர்வு என்ற சொல்லை அவர்கள் வாயில் நான் கேட்டதே இல்லை. தூக்கம் இல்லை, நெஞ்சு படபடங்குது, கேஸ் டிரபிள், சோறு எறங்கல, ஒண்ணும் புடிக்கல என்பார்கள். அரசு மருத்துவமனைக்குப் போனால் இ.சி.ஜி. எடுப்பார்கள். “ஹார்ட் நல்லா இருக்கு, பயப்படாதீங்க” என்று சத்து மாத்திரையோடு அனுப்புவார்கள். இதயம் நன்றாகத்தான் இருக்கிறது. மனநலப் பிரிவுக்குப் போகச் சொன்னாலோ, “நான் என்ன பைத்தியமா?” என்று சட்டையை உதறிக்கொண்டு எழுந்துவிடுவார்கள். 2023இல், மனநலம் குன்றியவர்களை வைத்திருந்த குண்டலப்புலியூர் ஆசிரமத்தின் கொடுமைச் செய்திகளைப் படித்த மாவட்டம் இது. மனநலம் என்றதும் பூட்டிய கதவு ஞாபகத்துக்கு வந்தால் ஜனங்கள் மேல் என்ன தப்பு?

வசதி இல்லை என்று நான் சொல்லவில்லை. முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரியில் மனநலப் பிரிவு இருக்கிறது. மாவட்ட மனநலத் திட்டத்தின் குழு வட்ட மருத்துவமனைகளுக்கு வந்து போகிறது. எல்லை தாண்டினால் புதுச்சேரி ஜிப்மர். எல்லாமே அரசுச் செலவு. ஆனால் எல்லாமே காலை வேளை, அதுவும் வேலை நாளில். திண்டிவனத்துக் கொத்தனாருக்கோ திருவக்கரைப் பக்கத்துக் கல்குவாரித் தொழிலாளிக்கோ, முப்பது நாற்பது கிலோமீட்டர் போய்ச் சீட்டு வாங்கி டாக்டரைப் பார்த்துத் திரும்புவது என்றால் ஒரு நாள் கூலி போச்சு. நூறு நாள் வேலைக்கே 2025-26இல் நாள் கூலி 336 ரூபாய். கொத்து வேலை என்றால் அதைவிட இரண்டு மூன்று மடங்கு. அம்மாக்களுக்காவது டவுன் பஸ்ஸில் டிக்கெட் இல்லை; இவருக்கு அதுவும் உண்டு. இலவச சிகிச்சைக்கு இவர் கொடுக்கும் விலை இது. மாதம் ஒருமுறை என்றால் சமாளிப்பார். பேச்சுவழிச் சிகிச்சைக்கு வாரம் ஒருமுறை வரச் சொன்னால் இரண்டாவது வாரமே நின்றுவிடுவார். தனியாரிடம் போகலாம் என்றால், ஒரு மணி நேர ஆலோசனைக்குக் கேட்கும் தொகையில் இவர் வீட்டு மளிகை பாதி மாதம் ஓடும்.

ஆக, நோயாளியாக இந்த அப்பா வரவே மாட்டார். வேறு பல வேடங்களில் தினமும் அரசிடம் வந்துகொண்டுதான் இருக்கிறார். உங்களிடம் மனுதாரராக வருகிறார். எங்களிடம் கடன்காரராக வருகிறார். பிரசவ வார்டு வராந்தாவில் துண்டை விரித்துப் படுத்திருக்கிறார். குழந்தை பிறந்த வீடுகளில் பத்தில் ஒரு அப்பாவுக்கு மனச்சோர்வு வருவதாக, பல நாட்டு ஆய்வுகளைத் திரட்டி 2010இல் அமெரிக்க மருத்துவ சங்க இதழில் எழுதினார்கள். நம் வார்டுகளில் அப்பாவிடம் கேட்கும் ஒரே கேள்வி, “ரத்தம் கொடுக்க ஆள் கூட்டியாந்தியா?” என்பதுதான்.

அவர் வருகிற இடத்தில் ஆளை உட்கார வையுங்கள். நான் சொல்ல வந்தது இவ்வளவுதான்.

முதலில் உங்கள் வாசல். திங்கட்கிழமை மனு வாங்கும் கூடத்துக்குப் பக்கத்தில் ஒரு தனி அறை, இரண்டு நாற்காலி, மாவட்ட மனநலத் திட்டத்திலிருந்து ஒரு ஆலோசகர் அல்லது சமூகப் பணியாளர். தயவுசெய்து ‘மனநல ஆலோசனை’ என்று பலகை மாட்ட வேண்டாம். ஒரு ஆள் உள்ளே வரமாட்டார். ‘கடன், குடும்பப் பிரச்சினை: உட்கார்ந்து பேச’ என்று எழுதுங்கள். மனு பதியும் ஊழியருக்கு எந்த மனுவைப் பார்த்தால் அந்த அறைக்குக் கைகாட்ட வேண்டும் என்று ஒரு மணி நேரத்தில் சொல்லித் தந்துவிடலாம். கந்துவட்டி, நில அபகரிப்பு, குடி, ஐந்தாவது தடவையாக வரும் அதே மனு. அந்த அறையிலேயே இலவச சட்ட உதவி மையத்திலிருந்து ஒரு வழக்கறிஞரும் இருந்தால் பாதி வேலை முடிந்தது. கடன் கொடுத்தவர் வீட்டு வாசலில் வந்து கத்துவதைத் தடுக்க 2003 கந்துவட்டிச் சட்டம் இருக்கிறது. கடன் நிறுவனங்களின் அடாவடி வசூலுக்கு எதிராக 2025இல் தனிச்சட்டமே வந்துவிட்டது. இவை தனக்காகத்தான் இருக்கின்றன என்று தெரிந்தாலே ஒரு மனிதருக்கு அன்று ராத்திரி தூக்கம் வரும். கடன் தொல்லைக்கு மாத்திரை மட்டும் கொடுப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. கடனை மட்டும் பேசிவிட்டு அந்த ஆளின் தூக்கத்தைக் கேட்காமல் அனுப்புவதிலும் இல்லை.

வாசலில் பாட்டிலோடு பிடிபட்டவரையும் காவல் நிலையத்துக்கு முன் அந்த அறைக்கு அழைத்து வரச் சொல்லுங்கள். 115ஆவது பிரிவு கேட்பது அதைத்தான்.

அடுத்தது திண்டிவனம். மாலை ஐந்து மணிக்கு மேல், அல்லது ஞாயிற்றுக்கிழமை, வாரத்தில் ஒரு நாள் அரசு மருத்துவமனையில் ஒரு அறை திறந்திருக்கட்டும். டாக்டர் ஒவ்வொரு வாரமும் இருக்க வேண்டும் என்றுகூடக் கேட்கவில்லை. கோவாவில் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வந்த, குடியால் கெட்டுக்கொண்டிருந்த ஆண்களிடம், மருத்துவம் படிக்காத உள்ளூர் ஆட்களைப் பயிற்சி கொடுத்துப் பேச வைத்தார்கள். அதிகபட்சம் நான்கு சந்திப்பு. மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது, அப்படிப் பேசியவர்களில் 36 சதவீதம் பேர் ஆபத்தான குடியிலிருந்து விலகியிருந்தார்கள். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 26 சதவீதம். 2017இல் ‘லான்செட்’ இதழில் வந்த ஆய்வு இது. அற்புதம் ஒன்றும் இல்லைதான். ஆனால் நான்கே சந்திப்பில், டாக்டர் இல்லாமல், நூற்றுக்குப் பத்துக் குடும்பம் கூடுதலாகப் பிழைக்கிறது என்றால் வேண்டாம் என்று சொல்ல நாம் யார்? மக்களைத் தேடி மருத்துவம் 2021 முதல் வீடு வீடாகச் சென்று சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை கொடுக்கிறது. அதே மாதிரி ஆட்கள்தான் இதற்கும் வேண்டும். ஆண்களும் சிலர் இருந்தால் நல்லது. நீட் எழுதிய பிள்ளைகளுக்கு அரசே போன் போட்டுத் தைரியம் சொன்ன ஊர் இது. அவர்களுடைய அப்பாக்களுக்கும் யாராவது பேசலாம்.

ஒரு ஆட்சேபம் வரும். வந்தே தீரும். குடித்துவிட்டு வந்து பெண்டாட்டியை அடிக்கிறவனுக்கு அனுதாபம் ஒரு கேடா என்று என் மனைவியே கேட்டாள். நியாயமான கேள்வி. அடிபடுகிறவளுக்கு 181 உதவி எண் இருக்கிறது, சகி மையம் இருக்கிறது. இன்னும் நிறைய வேண்டும். அதற்கான காசை எடுத்து இதற்குப் போடச் சொல்லவில்லை. அடித்தவன் மேல் வழக்கும் இருக்கட்டும். ஆனால் அவன் திரும்பி வரப்போவது அதே வீட்டுக்குத்தான். அப்படி வரும்போது அவனிடம் யாராவது பேசியிருந்தால் அவளுக்கும் நல்லது. இதையும் அவளிடம் சொன்னேன். “மொதல்ல பேசட்டும், அப்புறம் பாக்கலாம்” என்றாள். அவள் சம்மதத்தின் அளவு அது.

நிதி என்ற பேச்சு எழுந்தால், மாவட்ட நலவாழ்வுச் சங்கத்துக்குத் தலைவரே நீங்கள்தான். தவிர, இது தயவு சம்பந்தப்பட்ட விஷயமும் இல்லை. மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 18ஆவது பிரிவு, கட்டுப்படியாகும் செலவில், போய்வரக்கூடிய தூரத்தில் மனநல சேவை கிடைப்பதை ஒவ்வொருவரின் உரிமையாக வைத்திருக்கிறது. வறுமைக் கோட்டுக்குக் கீழே இருப்பவர் கையில் அட்டை இல்லாவிட்டாலும் அரசு மருத்துவமனையில் காசு வாங்கக் கூடாது. கூலியை விட்டுவிட்டு முப்பது கிலோமீட்டர் போவதைப் போய்வரக்கூடிய தூரம் என்று தலைமைச் செயலகத்தில் வேண்டுமானால் சொல்லலாம். திண்டிவனம் பஸ் நிலையத்தில் நின்று சொல்ல முடியாது.

இதற்கிடையில், கைவசம் இருப்பதையாவது ஜனங்கள் கண்ணில் படும்படி வையுங்கள். 14416 என்ற எண்ணுக்கு இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம், காசில்லை, 2022 முதல் நடக்கிறது. 104 இருக்கிறது. சென்னையில் 1986 முதல் இயங்கும் சினேகா அமைப்பின் எண் 044-24640050. இதைப் படிக்கிற அப்பா யாராவது இரவு இரண்டு மணிக்குத் தனியாக உட்கார்ந்திருக்கிறவராக இருந்தால், பெயர்கூடச் சொல்ல வேண்டாம், கூப்பிட்டுப் பேசிப் பாருங்கள். இந்த எண்கள் இன்று ஒட்டியிருக்கும் இடம் மருத்துவமனைச் சுவர். ஆம்பிளைகள் நிற்பது உரக்கடையில், சலூனில், அடகுக்கடையில், ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில், மீன்பிடித் தடைக்காலத்தில் மரக்காணத்துக் கரையில்.

கூட்டுறவுச் சங்கங்கள் அனுப்பும் நகை ஏல அறிவிப்பிலும் அந்த 14416 எண் இருக்க வேண்டும். அசல், வட்டி, அபராத வட்டி, ஏல நாள் எல்லாம் அச்சடித்த பிறகு கீழே எப்போதும் மூன்று விரற்கடை இடம் காலியாகத்தான் இருக்கும். ‘பணக் கஷ்டத்தில் தூக்கம் வரவில்லையா? 14416க்கு இலவசமாகப் பேசலாம், இரவிலும்’ என்று ஒரு வரி போதும். கூட்டுறவு இணைப்பதிவாளர் உங்கள் ஆய்வுக் கூட்டங்களுக்கு வருகிறவர்தான். அடுத்த கூட்டத்தில் சொன்னால், ஒரு சுற்றறிக்கையில் முடிந்துவிடும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கூட்டுறவுச் சங்க ஊழியர்,
திண்டிவனம்.